ஆயில் மாற்றியதற்குச் சாட்சி

...யாராவது கூட இருந்திருப்பார்களே, அவர்களில் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்று சர்வீஸ் கவுன்டர் டெபி சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், கூட இருந்தவர், ஒருவர், போதும்... வாஞ்சிநாதன் கார் டீலர்ஷிப்பின் காத்திருப்பு அறையில், கண்ணாடிச் சுவரை ஒட்டிய நாற்காலியில், மடியில் வாரன்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு அப்பால் அவனுடைய வெள்ளைக் கார் ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கின் ஜூன் மாத வெயிலில் நின்றது. மூன்று வாரமாக எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற சத்தம், எஞ்சினைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள். 94-ல் கார் வாங்கும்போது சேர்த்து வாங்கிய ஐந்து வருட நீட்டிப்பு வாரன்டிக்கு இன்று சனிக்கிழமை கடைசி நாள், பன்னிரண்டு மணிக்கு சர்வீஸ் கவுன்டரை மூடிவிடுவார்கள், இப்போது பத்தே கால். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியதற்கு அத்தாட்சி. ஒரு ரசீதுகூட இல்லையா என்று டெபி கேட்டாள். எப்படி இருக்கும், ஒரு மெக்கானிக் கடைக்கும் போனதில்லையே, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நாங்களேதான் மாற்றினோம் என்றான். நாங்கள் என்று சொன்னதால்தானே அவள் யார் யார் என்று கேட்டாள், நான் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் நாங்கள்தானே... இளங்குமரன், பசீர், அவன், மூன்று பேருக்கு இரண்டு படுக்கையறை, ஒரே கார். கார் ஒப்பந்தம் அவன் பெயரில், பெட்ரோல் மூன்று பங்கு. கார் வாங்கிய அன்றும் மூன்று பேரும்தான் வந்தார்கள், கோட்டுப் போட்ட ஒருவன் நீட்டிப்பு வாரன்டித் தாளை நீட்டியபோது பசீர் முழங்கையால் இடித்தான், அஞ்சு வருஷமா, அதுக்குள்ள நாம ஊர்லயே செட்டில் ஆயிருப்போம்டா, வேஸ்ட், சைன் பண்ணாத என்று. வாஞ்சிநாதன் கையெழுத்துப் போட்டான். விசாவே மூன்று வருடத்துக்குத்தான், ஐந்து வருடத்துக்கு இந்த நாட்டில் ஒருவர் உறுதி சொல்கிறார் என்றால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது... பிறகு அந்தச் சனிக்கிழமைக் காலைகள், காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, பழைய செய்தித்தாளை விரித்து அவன் அடியில் படுப்பான், இளங்குமரன் ஃபில்டரை எடுத்துக் கொடுப்பான், பசீர் புனலைப் பிடித்துக்கொண்டே பிரியாணிக்கு எத்தனை டம்ளர் அரிசி என்று சண்டை போடுவான், கறுத்த எண்ணெயைக் காலிப் பால் கேனில் ஊற்றி உதிரிபாகக் கடையில் கொடுத்துவிட்டு வந்தால் சாப்பாடு தயார். தேதியையும் மைலையும் அவன் புத்தகத்தில் எழுதி வைப்பான், இதோ இருக்கிறது, எல்லாம் அவன் கையெழுத்து. பசீர் 96-ல் சென்னைக்கே போய்விட்டான், அடுத்த வருடம் இளங்குமரன் கல்யாணம் முடித்து சான் ஹோசேக்கு. அதற்குப் பிறகும் ஆயில் மாற்றினான், தனியாகத்தான், அதே மூன்று மாதம், அதே சனிக்கிழமை.

எழுந்து போய்விடலாம். இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் ஹெக்டரின் தகரக் கொட்டகை இருக்கிறது, போன வாரம் அங்கும் போனான், ஹெக்டர் பானெட்டைத் திறந்து, ஒரு கையை எஞ்சின் மேல் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார், பிறகு சாவியைக் கொடு, வியாழக்கிழமை வா என்றார், அவ்வளவுதான். யார் ஆயில் மாற்றினார்கள், யார் பார்த்தார்கள், ஒரு கேள்வி உண்டா? அங்கே பணம் வேண்டும், இங்கே ஆள் வேண்டும். பணம் இருக்கிறது. அப்படியானால் ஏன் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறோம்... இளங்குமரனோடு பேசி இரண்டு வருடம். குழந்தை பிறந்த செய்தி மின்னஞ்சலில் வந்தது, நாற்பது பேருக்கு ஒன்றாக அனுப்பியது, அதில் அவன் பெயர் முப்பதுக்கு மேல் எங்கோ இருந்தது. குழந்தைக்கென்று அவன் வாங்கிய சின்னச் சட்டை அனுப்பாமல் இன்னும் அலமாரியில், இப்போது அந்தக் குழந்தைக்கு அது போதாது. இரண்டு வருடம் கழித்து ஒரு கையெழுத்துக்காகக் கூப்பிடுகிறான் என்று நினைக்கமாட்டானா? நினைக்கட்டும், காரணமில்லாமல் கூப்பிடுவதை விட இது தேவலை, காரணம் கிடைக்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம்... அவன் மூலையிலிருந்த போனுக்குப் போய் காலிங் கார்டின் எண்களை அழுத்தினான். அங்கே, சான் ஹோசேயில், அப்போது எட்டரை மணிதான்.

டேய் வாஞ்சி, நீயா, டெலிமார்க்கெட்டிங்காரன்னு நெனச்சு கட் பண்ணப் பாத்தேன்டா, இன்னும் அதே கார்தானா, மியூசியத்துல வெச்சிருக்கியா இல்ல ஓட்டுறியா... பின்னால் குழந்தை அழுதது, ரூபிகா, இவள கொஞ்சம் பிடியேன், ஆஸ்டின் ஃப்ரெண்ட் என்று இளங்குமரன் போனுக்கு வெளியே மனைவியிடம் சொல்வது கேட்டது, பெயர் சொல்லவில்லை, ஆஸ்டின் ஃப்ரெண்ட். விஷயத்தைச் சொன்னான். இதுக்கென்னடா, ஃபேக்ஸ் நம்பர் குடு, அஞ்சு நிமிஷத்துல அனுப்பறேன், பாத்தேன்னு எழுதணும், அவ்ளோதான? பாத்தேன்னு இல்ல இளங்குமரா, நாம சேர்ந்து மாத்தினோம்னு எழுது, நீயும் பசீரும்... என்றான் வாஞ்சிநாதன். போனில் ஒரு சிரிப்பு. நாங்களா? நாங்க எங்கடா கீழ வந்தோம் அந்த வெயில்ல? கைல நாத்தம் நாலு நாள் போகாதுன்னு பசீர் சோபாவ விட்டு எந்திரிக்கவே மாட்டான். நீ கார் அடியில கெடப்ப, கால் மட்டும் தெரியும், நாங்க பால்கனிலேர்ந்து கத்துவோம், மகனே சோறு ஆறுதுன்னு. அதுவும் நீ உள்ள படுத்துட்டு ஏதோ பேசிட்டே இருப்ப, எங்ககிட்டதான் பேசறேன்னு நாங்க மேலேர்ந்து என்ன, என்னன்னு கேப்போம், பதிலே வராது. மறந்துட்டியா? சரி சரி, பால்கனிலேர்ந்து பாத்தேன்னு எழுதறேன், பொய்யில்லல்ல, வீட்டுக்கு வாடா ஒரு தடவ... மறந்துவிடவில்லையே, வாஞ்சிநாதனுக்குப் புனலைப் பிடித்த கை தெரிகிறது, மெலிந்த விரல்கள், நகத்தில் கறுப்பு, அந்தக் கையிலிருந்து மேலே போய்ப் பசீரின் முகத்தைப் பார்க்க முயன்றான், மணிக்கட்டு வரை வந்தது, அதற்கு மேல் வெயில்தான் இருந்தது. இளங்குமரன்தான் மறந்திருக்க வேண்டும், குழந்தை, வேலை, புது ஊர், எதைத்தான் ஞாபகம் வைத்திருப்பான்... ஆனால் கால் மட்டும் தெரியும் என்றானே, அது மேலேயிருந்து பார்த்தவனுக்குத்தானே தெரியும்?

பதினொன்றரைக்கு ஃபேக்ஸ் வந்தது. டெபி அதை அங்கேயே நின்று படித்தாள், பால்கனி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒருநாளும் தவறியதில்லை, வாரன்டி அலுவலகத்துக்குப் போன் செய்து கொஞ்ச நேரம் பேசினாள், ஒப்புக்கொண்டார்கள், நல்ல நண்பர் உங்களுக்கு என்றாள். கீழே அவனும் கையெழுத்துப் போட வேண்டும், போட்டான். ஒரு பையன் வந்து காரை உள்ளே ஓட்டிப் போனான், அந்தத் தட்டுகிற சத்தம் கட்டடத்துக்குள் போய் நின்றது. ஷட்டில் வேன் வந்து வீட்டில் விட இன்னும் அரை மணி ஆகும், உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தான். ஹெக்டரிடமே போயிருந்தால் யாரையும் கேட்டிருக்க வேண்டாம், மூன்று பேரும் ஞாபகத்தில் அந்தப் பார்க்கிங்கிலேயே இருந்திருப்பார்கள், பணத்தோடு போயிருக்கும்... என்னதான் பேசியிருப்போம் காருக்கு அடியில், அரிசி எத்தனை டம்ளர் என்றா, அவர்கள் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு மேலே மேலே... பக்கத்து நாற்காலியில் காலையிலிருந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த அம்மாள் ஊசியை நிறுத்தினாள். என்னிடம் ஏதாவது சொன்னீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தான். அவள் முகத்தில் ஆச்சரியமில்லை, பலமுறை கேட்டுப் பார்த்துவிட்ட ஒருவரின் பொறுமைதான் இருந்தது, திரும்பப் பின்ன ஆரம்பித்துவிட்டாள். எவ்வளவு நேரமாக, என்று அவளைக் கேட்கலாமா என்று அவன் நினைத்தான், நினைக்க மட்டும்தான் செய்தோமா என்று உறுதியாகத் தெரியவில்லை, உதட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தான்.