முதல் மூன்று இழுப்பு

1.
இந்தக் கதை விரல்நக அகலச் சதைத்துண்டு ஒன்றில் பிறந்தது. இறந்தவர் ஒருவர் ஆய்வுக்கென்று எழுதிக்கொடுத்துப் போன மூச்சுக்குழாயின் துண்டு. லுண்ட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் குன்வோர் அதை வெதுவெதுப்பான உப்புநீரில் வைத்து, இரு முனையையும் கவ்வவிட்டு, இழுத்தால் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்பாள். மூச்சுக்குழாய் துவண்டுபோனவர்களுக்கு உள்ளே வைக்கும் தாங்கியின் விறைப்பை அந்த எண்தான் சொல்லும்.

முதல் மூன்று இழுப்பை அவள் கணக்கில் எடுக்க மாட்டாள். சதை பழக வேண்டுமாம். இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்களும் அப்படித்தான்:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு (லுண்டில் என்றைக்கு மழை இல்லை?)

மனிதன் ஒரு நாளைக்கு இருபதாயிரம் முறை (பாடப்புத்தகம். போகட்டும்.)

குன்வோரின் கூட்டாளி சிக்ஸ்டன் (இவனை முழுதாக நம்பாதீர்கள்.)

2.
மூன்று மணிக் காபிக்கு வராதவரை இங்கே திமிர்பிடித்தவர் என்பார்கள். குன்வோரை முன்னே போகச் சொல்லிவிட்டு, சிக்ஸ்டன் பழைய உப்புநீரை வடித்தான். புதியதை ஊற்றுவதற்குள் ஏலக்காய் ரொட்டி வாசம் மூக்கைத் துளைத்தது. போய்விட்டான். இருபது நிமிடம் துண்டு காய்ந்தது. அந்த மனிதரிடமிருந்து வந்த கடைசித் துண்டு. காய்ந்த சதை பொய்யாக விறைக்கும்.

(சிக்ஸ்டன் என்று எவனும் இல்லை. ஊற்ற மறந்த கடங்காரன் நான்தான்.)

3.
குன்வோர் வந்து பார்த்தாள். நீரை ஊற்றி அளந்திருந்தால் ஏதோ ஓர் எண் வந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் துண்டை எடுத்து மூடிவைத்தாள்.

"அந்த மனுஷன் ஒரு தடவைதான் கொடுப்பாரு. அவரு சொல்லாததை நாம எழுதக் கூடாதுடா. போ, உன் காபி ஆறிடும்."

பதிவேட்டில் 'நீக்கப்பட்டது' என்று எழுதினாள். 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். எங்களுக்குள் பதினோரு வருடப் பழக்கம். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

4.
முடிவு ஒன்று: நீர் ஊற்றியதும் துண்டு பழையபடி ஆனது. (பொய்.)

முடிவு இரண்டு: ஒப்புக்கொள்கிறேன், வேலை போகிறது. (இங்கே அதற்கெல்லாம் வேலை போகாது. கூட்டம் போட்டு மறுபடி காபி கொடுப்பார்கள்.)

உண்மை இவ்வளவுதான்: கூடத்தின் பொறுப்பைக் குன்வோருக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க, வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் பதிவேட்டைப் புரட்டுவார். கட்டம் காலியாக இருந்தால் தவறு அவளுடையது என்றே நினைப்பார்.

அந்தக் கட்டத்தில் பென்சிலால் மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். முதல் மூன்று கணக்கில் வராதென்று உங்களுக்குத் தெரியும். நான்காவதைப் பேனாவால் எழுத வேண்டும். என் பெயர் ஹில்டிங் நோரென். இங்கே எழுதிவிட்டேன். அங்கே எழுதினேனா என்று குன்வோரிடம் கேட்காதீர்கள், அவள் சொல்ல மாட்டாள். கட்டத்தைப் பாருங்கள்.