ஒட்டகத்தின் இடது கண்

தண்ணீர் கேனில் சாய்த்து வைத்த போனில் ஒட்டகம் நான்காவது முறையாக விழுந்தான். உண்மையில் அவன் விழுந்தது ஒரே தடவைதான், ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒன்பதாவது ரவுண்டில். மீசை அந்தக் குத்துச்சண்டை வீடியோவை விரலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி ஓட்டிக்கொண்டிருந்தார்.

“வழுக்கிடுச்சுய்யா. காலப் பாரு. அடி விழவே இல்ல.”

“ஆமா, ஃபேன் காத்துல சாஞ்சுட்டான், பாவம்,” என்றார் லாரிக்காரர்.

குடோனின் ஓய்வறையில் ஒரு வாரமாக சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுதான். வரும் சனிக்கிழமை ஹெவிவெயிட் பட்டத்துக்கு அதே இரண்டு பேரும் மறுபடி மோதுகிறார்கள். நெடுநெடுவென்று வளர்ந்து, கழுத்து நீண்டு, பட்டத்தை வைத்திருப்பவன் ஒட்டகம். போன தடவை இரண்டே புள்ளியில் தோற்ற குட்டையன் பீப்பாய். அவர்களுடைய சொந்தப் பெயர் இந்த அறையில் யார் வாயிலும் நுழைந்ததில்லை. சூப்பர்வைசர் மீசை ஒட்டகத்தின் பக்கம். லாரிக்காரர் யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம். பெட்டிகளைச் சரிபார்க்கும் செக்கர் அக்கா பீப்பாய் பக்கம். பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் கையில் துணி சுற்றிக் குத்துச்சண்டை போட்டவள் என்பதால் அவள் வாயைத் திறந்தால் மற்ற இருவரும் கொஞ்சம் அடங்குவார்கள்.

பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவன் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை. ஊரை விட்டு வந்து பதினோரு மாதமாகிறது. அவனுக்கென்று ஒரு நாற்காலி உண்டு, இடது கோடியில், சுவரை ஒட்டியது. அதில் உட்கார்ந்தால் இடது பக்கம் சுவர் மட்டும்தான். பேசுகிறவர்கள், டீயை நீட்டுகிறவர்கள், சும்மா தோளில் தட்டுகிறவர்கள் எல்லாரும் வலது பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். இன்றைக்கு லாரிக்காரர் முதலில் வந்து அந்த நாற்காலியில் காலை நீட்டிவிட்டார். இவன் நடுவில் மாட்டிக்கொண்டான். செக்கர் அக்கா அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். இருந்தாள் என்பது அவள் குரலை வைத்துத்தான் தெரிந்தது.

“கால விடுங்க,” என்றாள் அக்கா. “தலையப் பாருங்க. ஏழாவது ரவுண்டுலேருந்து எப்படி வச்சிருக்கான்? கோழி பாக்கற மாதிரி, இடது பக்கமா திருப்பித் திருப்பி. அவனுக்கு இடது கண்ணு போச்சு.”

இவன் டீயை வாய்க்குக் கொண்டுபோனான்.

“உளறாதம்மா,” என்றார் மீசை. “டாக்டர் பாக்காமயா ரிங்ல ஏத்துவாங்க?”

“டாக்டர் என்ன பண்ணுவாரு? போர்டக் காட்டிப் படிக்கச் சொல்வாரு. மனப்பாடம் பண்ணிட்டா முடிஞ்சது. கண்ணு பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும். கழுத்து பொய் சொல்லாது.”

அப்போதுதான் தன்னுடைய கழுத்து இடது பக்கமாகத் திரும்பியிருப்பது அவனுக்கு உறைத்தது. மெதுவாக, யாரும் பார்க்காதபடி, ஒரு திருகாணியைத் திருப்புவது போல நேராக்கினான். நேராக்கியதும் அக்கா இருந்த இடம் அணைந்துபோனது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பெட்டிக்கட்டின் பிளாஸ்டிக் பட்டையை அறுத்தான். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லித்தான் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டைதானே என்று போடவில்லை. இழுத்துக் கட்டியிருந்த பட்டை அறுந்த வேகத்தில் சாட்டை மாதிரி சுழன்று கண்ணில் அடித்தது. அன்றைக்கு லேசான சிவப்பு, அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ஓரத்தில் ஒரு திரை இறங்கியது. பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இப்போது ஒரு கோடு வெளிச்சம்தான் மிச்சம். சொன்னால் வண்டியிலிருந்து இறக்குவார்கள். வண்டி ஓட்டத்தான் இங்கே வரவழைத்தார்கள். இறக்கினால் அடுத்தது ஊருக்கு விமானம்தான். அம்மாவிடமும் சொல்லவில்லை. ஒரே கண்ணால் சின்ன எழுத்தைப் பார்த்தால் தலை வலிப்பதால் போனிடம் வாயால் சொல்லி எழுத வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புகிறான். “நான் நல்லா இருக்கேன்மா, நீ மாத்திரை போட்டியா” என்று தினமும் ஒரே வாக்கியம். போன் அதை ஒரு பிழையும் இல்லாமல் எழுதித் தந்துவிடும்.

வியாழக்கிழமை வருடாந்தர மருத்துவப் பரிசோதனை. இன்றைக்கு செவ்வாய்.

“ஒரு கண்ணு இல்லாதவன் பன்னெண்டு ரவுண்டு நிப்பானா? என்ன பேச்சு இது!” மீசையின் குரல் நகர்ந்துகொண்டே வந்தது. டீ ஊற்ற எழுந்திருப்பார் என்று இவன் நினைத்தான். “இப்படி ஒண்ணு வந்தா...”

கன்னத்தில் சில்லென்று காற்று பட்டது. அடுத்த விநாடி லாரிக்காரர் கைதட்டி ஆர்ப்பரித்தார்.

“யப்பா! இமைக்கவே இல்லய்யா இவன்! குத்து கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்துல நின்னுச்சு, இவன் பாட்டுக்கு டீ குடிக்கிறான்!”

அப்போதுதான் அவனுக்கு விஷயமே புரிந்தது. மீசையின் முஷ்டி இடது பக்கத்தில் அந்தரத்தில் நின்றிருக்கிறது. சிரிக்க வேண்டும் என்று தோன்றியது, சிரித்தான்.

“கல்லுடா நீ,” என்று மீசை அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். “இனிமே இவன் பேரு கல்லு. ஒட்டகத்துக்குப் பதிலா இவன அனுப்பலாம். எங்க, இந்தப் பக்கமும் பாப்போம்!”

வேண்டாம் என்று சொல்வதற்குள் வலது பக்கம் முஷ்டி புறப்பட்டுவிட்டது. அது வந்ததை அவன் முழுசாகப் பார்த்தான். நக இடுக்கில் இருந்த கறுப்பு மை வரைக்கும் பார்த்தான். அசையாதே, அசையாதே என்று உள்ளுக்குள் கத்தினான். உடம்பு கேட்கவில்லை. கண் இறுக மூடிக்கொண்டது, தோள் தூக்கியது, டீ மடியில் கொட்டியது.

“கல்லு கரைஞ்சிடுச்சு!” என்று லாரிக்காரர் நாற்காலியில் புரண்டார். மீசைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இவனும் மடியைத் துடைத்தபடி சிரித்தான். மூன்று பேரின் சிரிப்பு கேட்டது. நான்காவது சிரிப்பு எங்கே என்று இடது பக்கம் காதைக் கொடுத்தான். அங்கே ஒரு டம்ளரை மெதுவாக மேஜையில் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

மணி அடித்ததும் வண்டியில் ஏறினான். மூன்றாவது சந்தில் மேல்தட்டிலிருந்து பெட்டிகள் அடுக்கிய பேலட்டை இறக்க வேண்டும். சந்தின் இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் ரேக். இடது பக்கத் தூண்களை எண்ணி எண்ணித்தான் இத்தனை நாள் ஓட்டினான். ஐந்தாவது தூணுக்கு அப்புறம் வளைவு. அங்கே யாராவது நின்றால் தலையை முழுசாகத் திருப்பினால்தான் தெரியும். முழுசாகத் திருப்பினால் வலது பக்கம் போய்விடும்.

ஐந்தாவது தூணில் யாரோ வண்டியின் தகரத்தைத் தட்டினார்கள். பிரேக்கை மிதித்துத் தலையைத் திருப்பினான். செக்கர் அக்கா, கையெட்டும் தூரத்தில், ஸ்கேனரோடு நின்றிருந்தாள்.

“தம்பி, வியாழக்கிழமை உனக்கும் டெஸ்ட் இருக்குல்ல?”

“ஆமாக்கா.”

“அந்தக் கண்ணு போர்டுல கடைசி வரி என்ன?”

வாய் முந்திக்கொண்டது. எட்டு எழுத்தையும் ஒரே மூச்சில், வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டான். ஒப்பித்து முடித்த பிறகுதான் செய்தது புரிந்தது. போர்டு இருந்தது மூன்று கட்டிடம் தாண்டி, நர்ஸ் அறையில்.

அக்கா கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“எத்தன நாளா?”

“நாலு மாசம்.” அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. “அக்கா, ரெண்டு வருஷம் ஓட்டிட்டா போதும்க்கா. நான் எண்ணித்தான் ஓட்டறேன். இதுவரைக்கும் ஒரு பெட்டிகூட இடிச்சதில்ல.”

“ஒட்டகமும் அப்படித்தான் நினைச்சுட்டிருப்பான்.” அவள் ஸ்கேனரின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். “சனிக்கிழமை அவன் கண்ணு தெரியாம ஏறினா, அடி அவனுக்கு. ஏறட்டும், விழட்டும், அவன் தலையெழுத்து. உன் வண்டிக்கு முன்னாடி நடக்கறது யாரு தம்பி?”

அவன் பார்வை அவள் கையிலிருந்த ஸ்கேனருக்கு இறங்கியது.

“நான் தட்டினதாலதான நின்ன?”

“சொல்லிடுவீங்களாக்கா?”

வெளியே லாரி ஹாரன் அடித்தது. லாரிக்காரரின் குரல் தூரத்தில் கூவியது, “டேய் கல்லு! தூங்கிட்டியா?” அக்கா திரும்பி நடந்தாள், அவனுடைய இடது பக்கமாக. இரண்டு அடியில் திரைக்குள் போய்விட்டாள்.

பையில் போன் அதிர்ந்தது. இந்த நேரத்தில் அம்மாதான்.

அவன் பெட்டிகளைப் பார்த்தான், தூண்களைப் பார்த்தான், முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு இரும்பு நாக்குகளைப் பார்த்தான். நாலு மாதத்தில் முதல்முறையாக அவை எவ்வளவு நீளம் என்று தோன்றியது. இடது பக்கத்து இருட்டிலிருந்து ஸ்கேனர் ‘பீப்’ என்றது. ஒரு பெட்டி. கொஞ்சம் தள்ளி இன்னொரு ‘பீப்’. இன்னொன்று. அது எங்கே இருக்கிறது, போகிறதா வருகிறதா என்று காதால் பின்தொடர்ந்தான்.

பிறகு சத்தம் நின்றது.

ஹாரன் மறுபடி அடித்தது. என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவன் கால் பிரேக்கை அழுத்தியிருந்தது. அதை எடுக்காமல், அடுத்த ‘பீப்’புக்காகக் காத்திருந்தான்.