ஏழாவது தேர்தல்

நாளைக்கு அவர் போட வேண்டிய சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. நேற்றே தைத்திருக்கலாம். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டும்போது படம் எடுப்பார்கள், பொத்தான் இல்லாதது பளிச்சென்று தெரியும், அதை வைத்து ஒரு வாரத்துக்கு என்னைக் கேலி பண்ணுவார்.

இவ்வளவும் நினைத்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கட்டிலில் அவர் கிடந்தார். காலையில் குளித்துவிட்டு வந்து, தலை துவட்டியபடியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பினார். திரும்பிய வாக்கிலேயே சாய்ந்துவிட்டார். ஈரத்துண்டு தலையணைமேல் கிடந்து அந்த இடத்தை நனைத்திருந்தது. டாக்டர் வந்தார், பார்த்தார், அவள் தோளைத் தொடவந்த கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு போய்விட்டார். வந்ததும் போனதும் பின்வாசல் வழியாக. ஏன் பின்வாசல் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

இப்போது கொழுந்தன் அறைக் கதவைத் தாழ் போட்டான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். சுவரில் தொங்கிய ரிமோட்டை எடுத்து ஏசியின் குளிரைக் கூட்டினான். கூட்டத்துக்கு மேடை போடுகிறவனைப் போல ஒவ்வொன்றையும் வரிசையாகச் செய்தான். ஆனால் அவன் கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதவன் இவன்தான்.

"அண்ணி, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. அப்புறம் என்ன வேணா திட்டுங்க."

அவன் சொன்னது சுருக்கமானதுதான். ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முன்னால் வேட்பாளர் இறந்துபோனால் அந்தத் தொகுதியில் தேர்தலை நிறுத்திவிடுவார்கள். கட்சி வேறு யாரையாவது தேடிப்பிடித்து நிறுத்தும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முதல் ஓட்டு விழுந்துவிட்டால் நிறுத்த முடியாது. நாளைக் காலை ஏழு மணிக்கு முதல் ஓட்டு விழும். அதுவரை இந்தக் கதவு மூடியிருந்தால் போதும். டாக்டரிடம் பேசியாகிவிட்டது. அவர் நாளைக் காலை ஏழரைக்கு வந்து பார்த்ததாக எழுதிக் கொடுப்பார்.

"மூணு ஜெயிச்சாரு, மூணு தோத்தாரு. கடைசியா நின்னதுல தோத்தாரு. தோத்தவராவே அனுப்பச் சொல்றீங்களா? அப்புறம் இடைத்தேர்தல் வரட்டும், யார் வேணா நிக்கட்டும். எனக்கு அதெல்லாம் வேணாம். அண்ணன் கணக்குல நாலு இருக்கணும்."

கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், பூத் ஏஜெண்டுகளுக்கான பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பென்சில், பிஸ்கட், தண்ணீர் பாட்டில். யாரோ ஒருவன் பிஸ்கட்டை எண்ணும்போதே ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறான் என்று இன்னொருவன் புகார் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். போன தேர்தலில் இந்தச் சிரிப்பு இல்லை. இந்த முறை காற்று நம் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

மூன்றுக்கு மூன்று என்று அவரே சொல்லிக்கொள்வார். "மேட்ச் டிரா. இன்னும் ஒண்ணு ஆடித்தான் ஆகணும்." பஸ் கண்டக்டராக இருந்து, வேலைநிறுத்தத்தில் வேலை போய், அந்தக் கோபத்தில் நின்ற முதல் தேர்தலில் டெபாசிட்கூடத் தேறவில்லை. இரண்டாவதில் இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். மூன்றாவதில் தாராளமாக. நான்காவதில் ஏன் தோற்றார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஐந்தாவதில் திரும்ப வந்தார். ஆறாவதில், ஆஸ்பத்திரிக்கு நேரடி பஸ் விட்டது யார் என்பதே ஜனங்களுக்கு மறந்துபோயிருந்தது. சட்டசபையில் அவர் நீளமாகப் பேசியதில்லை. நேரம் முடிந்தது என்று சபாநாயகர் மணியடித்தால், "பெல் அடிச்சா நிறுத்திடுவேன், பழைய பழக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். எதிர்க்கட்சிக்காரர்களும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தோற்ற மறுநாள் பஸ் ஏறி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி, ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவார். அன்று இரவு மட்டும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் வெளியே வரமாட்டார்.

நாலு ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கும்தான் இருந்தது. அந்தக் குழாய்ச் சத்தம் இன்னொரு முறை கேட்கக் கூடாது என்பதற்காகவே இந்த இரண்டு மாதமும் தெருத் தெருவாக நடந்தாள்.

"அண்ணன்கிட்டக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு? நீங்களே சொல்லுங்க."

"மறைக்கத்தான் சொல்லியிருப்பாரு."

அவள் யோசிக்காமல் சொன்னாள். கொழுந்தன் முகம் கொஞ்சம் தெளிந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்து அவள் செய்ய வேண்டியதை விளக்கினான். வேட்பாளர் எப்போது வெளியே வருவார் என்று கூடத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். அவள் ஒரே ஒரு முறை வெளியே வந்து, லேசான காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்குகிறார், நாளைக்குத் தெம்பாக வருவார் என்று சொன்னால் அடங்கிவிடுவார்கள்.

"கொஞ்சம் சிரிச்ச முகமா, அண்ணி."

"பாப்பாகிட்ட?"

மகள் தொகுதியின் கடைசி மூலையில், மலையடிவாரத்து வார்டுகளில், பூத் சிலிப் கொடுத்துக்கொண்டிருந்தாள். தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"நாளைக்குச் சொல்லிக்கலாம். அவ முகத்துல எதுவும் நிக்காது, உங்களுக்கே தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா தொகுதிக்கே தெரிஞ்ச மாதிரி. தெரியாம இருந்தாத்தான் நல்லா வேலை செய்வா."

தெரியாம இருந்தாத்தான் நல்லா வேலை செய்வா.

இதே வார்த்தைகளை, கிட்டத்தட்ட இதே குரலில், யாரோ அவளைப் பற்றியும் ஒருநாள் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லியிருப்பார். இவன் தலையாட்டியிருப்பான்.

இரண்டாவது தேர்தலின் ஓட்டுப்பதிவு நாள். மகளுக்கு இப்போது இருக்கிற வயதுதான் அவளுக்கு அப்போது. பெண்கள் ஓட்டு அதிகமுள்ள பள்ளிக்கூடத்து வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, வெயிலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். அன்று எல்லோரும் அவளிடம் அப்படி ஒரு பிரியமாக இருந்தார்கள். ஒருத்தி நிழலுக்கு இழுத்து நிறுத்தினாள். மகளிர் அணிக்காரி சோற்றைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டியேவிட்டாள். ஊட்டும்போது அவள் கண்ணில் தண்ணீர். "என்னக்கா, தோத்துடுவோம்னு இப்பவே அழறீங்களா?" என்று இவள் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். இவளுடைய அம்மா காலையிலேயே இறந்துபோயிருந்தது அவர்களில் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

ஓட்டுப்பதிவு முடிந்த பிறகு கார் வந்தது. அவர் பஸ்ஸில் இருந்தபோது கூட வேலை பார்த்த டிரைவர்தான் காரையும் ஓட்டினார். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் சொன்னபோது சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக, எந்தத் தெரு நமக்கு, எந்தத் தெரு அவர்களுக்கு என்று பேசிக்கொண்டே போனாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் ஒருமுறைகூடக் கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவின் தெருவில் கார் திரும்பியபோது, எல்லாம் முடித்துவிட்டு ஆண்கள் ஈரத்தலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற அக்கா அவளைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இப்பத்தான் ஒழிஞ்சுதா உனக்கு?"

எனக்குத் தெரியாது என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் தெரிந்தவர் யார் என்று கேட்பார்கள். இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் அவர் ஜெயித்தார்.

அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஓட்டுப்பதிவு நாளிலும், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்: "எல்லாரும் நல்லா இருக்காங்க. விசாரிச்சுட்டேன்." அவளுடைய அக்கா, அண்ணன், சித்தி என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் விடிவதற்குள் போன் பண்ணியிருப்பார். யார் எல்லாரும் என்று அவள் கேட்டதில்லை. சரி என்பாள். அதற்குப் பிறகுதான் அவர் காலைச் செருப்புக்குள் நுழைப்பார்.

கட்டில்மேல் கிடந்த அவளுடைய போன் அதிர்ந்தது. மகள். அவள் கை நீட்டுவதற்குள் கொழுந்தன் எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டி, "ஹலோ" என்றான்.

"சித்தப்பாவா? அம்மா எங்க?" மகளின் குரல் தொண்டை கட்டிக் கரகரத்தது. பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம். "இங்க வந்து பாருங்க சித்தப்பா, போன தடவை கதவைத் தெறக்காத வீட்டுலல்லாம் டீ போட்டுக் குடுக்கறாங்க. இதோட ஏழாவது டீ. அப்பாகிட்டச் சொல்லுங்க, இந்தத் தடவை குழாய் ரிப்பேர் செலவு மிச்சம்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவளுக்கு அந்தக் குழாய்ச் சத்தத்தைப் பற்றித் தெரிந்திருந்தது என்பது அம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"சொல்றேன் பாப்பா."

"அப்பா ஏன் போனை எடுக்கல? அங்க எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். பிறகு கட்டிலைப் பார்த்தான்.

"எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றான். "நீ வேலையைப் பாரு."

அவன் போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான். அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். தையல் டப்பாவை எடுத்தாள். நாற்காலி முதுகில் தொங்கிய வெள்ளைச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, வெள்ளைப் பொத்தான்களில் அளவு ஒத்துப்போகிற ஒன்றைத் தேடினாள். ஊசிக்கு முதல் தடவையிலேயே நூல் கோத்தாள்.

"இப்ப எதுக்கு அண்ணி அது? நாளைக்குத் தைச்சுக்கலாம்."

அவள் குனிந்து தைத்தாள். நான்கு துளைக்கும் இரண்டிரண்டு முறை நூலை விட்டு, அடியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பல்லால் அறுத்தாள்.

"போனைக் குடு, தம்பி."

கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு நின்றவன். அவள் கையால் சாப்பிட்டவன். அவள் அந்தக் குரலில் கேட்டால் கொடுத்துத்தான் பழக்கம். கொடுத்த பிறகுதான் விழித்துக்கொண்டான். அதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா."

"வண்டியை ஓட்டிட்டு இருக்கியா?"

"இல்லையே, நடந்துட்டு இருக்கேன். ஏன்?"

"எங்கயாவது உக்காரு." உட்காருகிற அளவுக்கு நேரம் விட்டாள். "வீட்டுக்கு வா. நீ ஓட்டாத. வேற யாரையாவது ஓட்டச் சொல்லு."

அந்தப் பக்கம் பெண்களின் பேச்சு மட்டும் கேட்டது. பிறகு மகள், சின்ன வயதில் இருட்டில் கூப்பிடுகிற மாதிரி, "அம்மா, அப்பாவா?" என்றாள்.

"ஆமா."

அவள் போனை வைக்கவில்லை. மகள் அழுது, திணறி, அழுது, மூக்கை உறிஞ்சுகிறவரை காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது என்று மகள் கேட்டாள். காலையில, குளிச்சுட்டு வந்து, என்றாள். கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள். இல்லை என்றாள். "எனக்காகக் காத்திருப்பீங்களா?" என்று கேட்டாள். அதற்கு மட்டும் அவள் ஒரு தடவை கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"காத்திருப்போம்" என்றாள்.

கொழுந்தன் தரையில் உட்கார்ந்திருந்தான். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. ஏழு தேர்தலின் அலைச்சலும் மொத்தமாக இறங்கினவன்போல இருந்தான்.

"சரி. அவளுக்குச் சொல்லிட்டீங்க. வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்" என்றான். "யார்கிட்டயும் மூச்சு விடாம வரச் சொல்லுங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல அண்ணி. அண்ணனுக்காக."

கதவு மெல்லத் தட்டப்பட்டது. "கண்டக்டர் கெளம்பிட்டாரா?" டிரைவரின் குரல். வயதாகிவிட்டதால் இப்போது அவர் கார் ஓட்டுவதில்லை. ஆனாலும் தேர்தல் என்றால் வந்துவிடுவார். "பையெல்லாம் ரெடி. ஒரு தடவை வந்து பாத்துட்டாருன்னா பசங்க கெளம்பிடுவாங்க."

கொழுந்தன் எழுந்து அவள் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"தூங்கறாருன்னு சொல்லுங்க. அது போதும். ஒரே ஒரு வார்த்தை."

அவள் தாழ்ப்பாளை எடுத்துக் கதவை முழுசாகத் திறந்தாள். டிரைவர் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குக் காரில் பார்க்காததற்கும் சேர்த்துப் பார்த்ததுபோல இருந்தது. பிறகு அவளைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்தார். அவர் கையிலிருந்த பென்சில் கட்டு கீழே விழுந்து, பென்சில்கள் கூடம் வரைக்கும் உருண்டன. கூடத்தில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

"உள்ள வாங்கண்ணே" என்றாள். "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. சட்டை போடணும்."

"நாளைக்கு ஏழு மணி வரைக்கும்தான், அண்ணி..." கொழுந்தன் இன்னும் முடிக்கவில்லை.

"அந்தக் கையை நீ பிடிச்சுக்க, தம்பி."

அவன் திறந்த கதவைப் பார்த்தான். பிறகு குனிந்து அண்ணனின் இடது கையைத் தூக்கிப் பிடித்தான். அவள் சட்டைக் கையை மாட்டி, முதுகுப் பக்கம் இழுத்துவிட்டு, காலரைச் சரிசெய்தாள். மேலிருந்து பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள். இரண்டாவது பொத்தான் புதுசு என்பதால் துளைக்குள் நுழையக் கொஞ்சம் சிரமப்பட்டது.