மூன்று கேள்வியில் சொந்தம்

மனிதர்களில் அந்நியர் என்று யாருமே கிடையாது என்பதை உலகத்தில் முதன்முதலில் நிரூபித்தவர், சூலூர் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் பொங்கியண்ணன். இந்த உண்மையைத் தேடி ஞானிகள் காட்டுக்குப் போனார்கள். பொங்கியண்ணன் பேக்கரிக்குப் போனார். பக்கத்தில் டீ குடிப்பவரிடம் மூன்றே கேள்வி. "ஏனுங்க, எந்த ஊருங்க? யாரு ஊடுங்க? பொண்ணெடுத்தது எங்கீங்க?" மூன்றாவது பதில் முடிவதற்குள் அந்த ஆள் மாமனாகவோ மச்சானாகவோ ஆகியிருப்பார். டீக்கு யார் காசு கொடுப்பது என்ற சண்டை தொடங்கியிருக்கும்.

ஆகவே, பள்ளிக்கு மனநல ஆலோசகர் ஒருவர் வரப்போகிறார் என்று தலைமையாசிரியர் அரங்கசாமி அறிவித்தபோது, ஆசிரியர் அறையில் பொங்கியண்ணன்தான் முதலில் சிரித்தார்.

"நமக்கெதுக்குங்க சார் கவுன்சலிங்கு? இங்க ஒரு புள்ளைக்குக் கஷ்டம்னா அந்தப் புள்ளைக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள்ள ஊட்டுக்கே சேதி போயிரும்."

"நெசந்தானுங்க," என்றார் கணக்கு டீச்சர் ரங்கநாயகி. "எனக்குச் சக்கரை இருக்குதுன்னு எனக்கே இவர் சொல்லித்தானுங்க தெரிஞ்சுது."

அதற்கு அவர் என்ன செய்வார்? ரத்தம் பரிசோதிக்கிற லேப்காரர் சித்தப்பா முறை.

ஆலோசகர் மோகனப்பிரியா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் இங்கே; மற்ற நாட்களில் மற்ற பள்ளிகள். பொங்கியண்ணன் அவருக்குத் தன் கையால் நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"எந்த ஊருங்க அம்மணி?"

"வால்பாறைங்க சார்."

"வால்பாறையில எங்கீங்க?"

"எஸ்டேட்டுங்க."

"எஸ்டேட்டுல யாரு ஊடுங்க?"

"லைன் ஊடுங்க சார். வரிசையா இருக்கும். எல்லா ஊடும் ஒரே மாதிரிதான்."

பொங்கியண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டார். இதற்கு மேல் கேட்டால் எதைக் கேட்கிறோம் என்று அவருக்கே தெரிந்துவிடும். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் வெறுங்கையோடு திரும்பியது அதுவே முதல் முறை.

ஆலோசகருக்கு ஒதுக்கப்பட்டது விளையாட்டுச் சாமான் அறையில் பாதி. வாசலில் 'ஆலோசனை அறை' என்று பலகை மாட்டினார்கள். அந்த வாரம் முழுக்க ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்த ஒரு பையனுக்கும் இடைவேளை முடிவதற்குள் 'மெண்டல்' என்று பட்டம் சூட்டியாகிவிட்டது. அடுத்த செவ்வாயன்று மோகனப்பிரியா பலகையைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தார்.

"சார், காத்து எறங்கிப் போன பந்தெல்லாம் நான் அடிச்சு வெக்கட்டுங்களா? ஒத்தாசைக்குப் புள்ளைங்களக் கூப்பிட்டுக்கறேன்."

பந்துக்குக் காற்றடிக்கப் போகிற பிள்ளையை யாரும் மெண்டல் என்று சொல்ல முடியாது. ஒரு கை பம்பில் இருக்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. "என்ன கண்ணு?" என்பார் மோகனப்பிரியா. "ஒண்ணுமில்லீங்க மிஸ்" என்று பதில் வரும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வீடு பற்றி எரிந்தாலும் முதலில் அப்படித்தான் சொல்லும், மரியாதை. "செரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் இருப்பார். பம்பு போய் வந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் பேச்சு தானாக வரும். வந்த பேச்சு அந்த அறையைத் தாண்டிப் போகாது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பொங்கியண்ணனால் செரிக்க முடியவில்லை.

"கேட்டா ஒரு வார்த்தை வெளிய வருதுங்களா? கல்லாட்டம் இருக்கறாங்க. நம்ம சூலூர் ஏர்போர்ஸ் கேம்ப்காரங்களே டீக்கடையில நமக்கு நாலு விஷயம் சொல்றாங்க. இவங்க என்ன, அதுக்கும் மேல ரகசியத்தையா காப்பாத்தறாங்க?" என்று ஆசிரியர் அறையில் தினமும் முழங்கினார். மோகனப்பிரியாவைப் போல உதட்டை இறுக்கி நடித்தும் காட்டினார். நடிப்பு நன்றாகவே இருந்தது.

கனிஷ்கா பதினொன்றாம் வகுப்பு. கபடியில் ரெய்டு போனால் கையில் இரண்டு பேரோடுதான் திரும்புவாள். அப்பேர்ப்பட்டவள் காலாண்டுத் தேர்வில் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கி, மூச்சு அடைத்து, எழுந்து வெளியே போய்விட்டாள். அதன்பின் செவ்வாயும் வெள்ளியும் பந்துக்குக் காற்றடிக்கப் போனாள். போகப் போக முகம் கொஞ்சம் தெளிந்தது.

அவள் அப்பா கதிர்வேல் பக்கத்து ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவர். பொங்கியண்ணனுக்கு ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்காரர். நாலு வார்த்தை ஆறுதல் சொல்லாவிட்டால் சொந்தம் என்று எதற்கு இருக்கிறது? ஒரு புதன்கிழமை போன் போட்டார்.

"மாப்ள, புள்ளைக்கு மனசு செரியில்லையாட்டம் இருக்குது. பயப்பட ஒண்ணுமில்ல. சும்மா காதுல போட்டு வெச்சேன்."

அன்று இரவே அந்தியூர் பெரியம்மா போனில் அழுதார். விடிந்ததும் யாரோ மந்திரித்த கயிறோடு வந்து நின்றார்கள். பெரியப்பா காளிச்சாமி தீர்ப்பே சொல்லிவிட்டார்: "படிச்சது போதும். ஊட்டுல இருந்தா எல்லாம் செரியாயிரும்."

வியாழக்கிழமை கனிஷ்கா வரவில்லை. வெள்ளியும் வரவில்லை.

மோகனப்பிரியா சாமான் அறை வாசலில் நின்றபடி கேட்டார். "சார், நீங்க யாருகிட்டயாச்சும் எதாச்சும் சொன்னீங்களா?"

"அவங்கப்பன்கிட்ட மட்டுந்தானுங்க. எனக்கு மாப்ள முறை. நல்லதுக்குத்தான்…"

"நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க சார். ஆனா வெளிய போகாதுன்னு நான் சொன்னத நம்பித்தான் அவ பேசுனா. இனி யாருகிட்டயும் பேசாமயே இருந்துட்டா என்ன பண்றது? எனக்கு அதுதானுங்க பயம்."

குரல் உயரவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்று பொங்கியண்ணனுக்குத் தோன்றியது.

"நீங்க கூப்பிட்டா அவங்கப்பா வருவாருங்களா?"

கூப்பிட்டார். செவ்வாயன்று கதிர்வேல் வந்தார். கூடவே காளிச்சாமி, அந்தியூர் பெரியம்மா, கயிறு கொண்டுவந்தவர், இன்னார் என்று பொங்கியண்ணனுக்கே உடனே பிடிபடாத ஓர் அம்மா என்று ஒரு வேன் நிறைய ஆட்கள்.

"என்ன வியாதின்னு சொல்லிப்போடுங்க அம்மணி," என்றார் காளிச்சாமி, உட்காராமலே.

"எல்லாரும் இவ்வளவு தூரம் வந்தது ரொம்ப சந்தோசமுங்க. ஒரு புள்ளைக்கு இத்தன பேரு இருக்கறது லேசுப்பட்ட விஷயமில்லீங்க," என்றார் மோகனப்பிரியா. "நான் அப்பாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கறேன். அதுவரைக்கும் சார் உங்களுக்குக் கிரவுண்டு காட்டுவாருங்க."

பொங்கியண்ணன் கிரவுண்டு காட்டினார். அது எல்லாக் கிரவுண்டையும் போல ஒரு கிரவுண்டு. "இது கோல் போஸ்ட்டுங்க," என்றார். சுற்றி வந்தார்கள். "அதுவும் கோல் போஸ்ட்டுதானுங்க."

"தெரியுது மாப்ள," என்றார் காளிச்சாமி. "எத்தன தடவ காட்டுவீங்க?"

ஜன்னல் வழியே உள்ளே பார்த்தால் கதிர்வேல் தலை குனிந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மோகனப்பிரியா எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் இரண்டு டம்ளர் டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு கதிர்வேலின் உதடு அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. கல்யாண வீட்டில்கூட அந்த மனுஷன் இத்தனை பேசி பொங்கியண்ணன் பார்த்ததில்லை. தான் போனில் அரை நிமிஷத்தில் சொல்லி முடித்ததை, இந்த அம்மணி ஒன்றுமே சொல்லாமல் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு முதலில் பொறாமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது பொறாமை மாதிரி இல்லை.

கதிர்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"நாளைக்கி புள்ள பள்ளிக்கோடம் வருவா."

"என்னடா சொன்னாங்க?" என்றார் காளிச்சாமி.

"வருவான்னு சொன்னனில்லீங்கண்ணா."

வேன் போனதும் பொங்கியண்ணன் ஓடினார். "அம்மணி, அவரு என்னங்க சொன்னாரு?"

"டீயில ஏலக்கா வாசம் நல்லா இருக்குதுன்னாருங்க."

"அத்தன நேரமாவா?"

"நல்ல டீங்க சார்."

கனிஷ்கா வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் பம்பைப் பிடித்தாள். கபடிக்கும் இறங்கினாள். பொங்கியண்ணனைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். அரையாண்டுத் தேர்வு நெருங்கியது. இதிலும் எழுந்து போனால் காளிச்சாமியின் தீர்ப்பை இன்னொரு முறை தடுக்க ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

முதல் தேர்வு புதன்கிழமை வந்தது. மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் சாமான் அறை வாசலில் கனிஷ்கா நின்றாள். வேர்த்திருந்தது. பரீட்சை அட்டை கையில் தடதடத்தது.

"மிஸ் வரலீங்களா சார்?"

"இன்னைக்கி வேற பள்ளிக்கோடம் கண்ணு."

ஒரு ரவுண்டு ஓடிவிட்டு வா, எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டார். மோகனப்பிரியாவுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

"நீங்களும் இருங்க சார்."

இருந்தார். அவள் போனில் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. அப்பா தறியை விற்கப் பார்ப்பது, அம்மாவுக்கு அது இன்னும் தெரியாதது, இரவெல்லாம் அப்பா முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இவள் போர்வைக்குள்ளிருந்து பார்ப்பது, தானும் தோற்றுவிட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்பது. போனில் மோகனப்பிரியா சொல்லச் சொல்ல அவள் மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். கூடவே பொங்கியண்ணனும் இழுத்து விட்டார். மணி அடித்துக் கொஞ்சம் பொறுத்து அவளைத் தேர்வறை வரை கொண்டுபோய் விட்டார். கண்காணிப்பாளரிடம், "என்னாலதான் லேட்டுங்க," என்றார்.

அவள் கடைசி மணி வரை உட்கார்ந்து எழுதினாள்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் ரங்கநாயகி சோற்று டப்பாவை மூடிவிட்டுத் திரும்பினார். "ஏனுங்க சார், காலைல கனிஷ்கா உங்ககிட்ட அழுதுட்டிருந்துச்சாமே? என்ன சமாச்சாரமுங்க?"

அறை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. இத்தனை பெரிய சமாச்சாரம் அவர் கைக்குக் கிடைத்து வருஷக்கணக்காகிறது. பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"வெயில் சாஸ்திங்க டீச்சர்," என்றார்.

அதற்குள் போன் அடித்தது. கதிர்வேல். எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

"மச்சான், புள்ள எப்படி எழுதுனா?"

"முழுசா எழுதுனா மாப்ள."

"எதாச்சும் சொன்னாளா?"

"ஊட்டுக்கு வந்தா அவளையே கேளு. கேட்டுப்போட்டு, பேசாம பக்கத்துல உக்காரு."

"உங்களுக்கு எதோ தெரியுமாட்டம் இருக்குதே. என்னன்னு சொல்லுங்க மச்சான்."

"ஹலோ? மாப்ள? சிக்னல் விட்டு விட்டு வருது," என்று சொல்லி, சிக்னல் முழுசாக இருந்த போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் பொங்கியண்ணன்.