கட்டிலைத் தொட்டால்

அந்தத் தெருவில் அவளுக்கு நாய் டீச்சர் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டம்போல் வாங்கிக்கொண்டு, மாடிப்படிக்குப் பக்கத்தில் பலகையிலேயே எழுதி மாட்டிவிட்டாள். அடங்காத நாய்களை மொட்டைமாடியில் வைத்துப் பழக்கிக் கொடுப்பது அவள் தொழில். எப்பேர்ப்பட்ட முரட்டு நாயும் அவள் தொண்டையைச் செருமினால் உட்கார்ந்துவிடும். நாயோடு சேர்ந்து அதன் சொந்தக்காரரும் உட்கார்ந்துவிட்ட கதை ஒன்று உண்டு. அதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கென்று இரண்டு நாய்கள். பெரியதன் பெயர் மேனேஜர். ஒரு துரும்பையும் அசைக்காமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். சின்னது பொடி. பெயர் வைத்த நாளில் உள்ளங்கைக்குள் அடங்கியதுதான். இப்போது கால் நீட்டிப் படுத்தால் பாதிக் கட்டில் போய்விடும்.

கட்டிலில் நாய் ஏறியது அவள் புருஷன் இறந்த பிறகுதான். அவன் போன கொஞ்ச நாளில், ஓர் இரவு யாரோ வாசல் கதவின் கைப்பிடியைத் திருகித் திருகிப் பார்த்தார்கள். திருடனோ, வீடு மாறி வந்த குடிகாரனோ, இன்றுவரை தெரியாது. ஈரக்குலை நடுங்கிப்போனவள் மறுநாளே இரண்டையும் மெத்தையில் ஏற்றி, ஆளுக்கொரு பக்கம் படுக்க வைத்தாள்.

சும்மா படுக்க வைக்கவில்லை. தொழில் தெரிந்தவள் அல்லவா, முறையாகப் பழக்கினாள். புருஷன் பெயின்ட் கடை வைத்திருந்தவன். ராத்திரி வீட்டுக்குள் நுழையும்போதே "கடை சாத்தியாச்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவான். அந்தச் சொல்லையே அவள் எடுத்துக்கொண்டாள். "கடை சாத்தியாச்சு" என்றால் இரண்டும் கட்டிலில் ஏற வேண்டும். "கடை தெறந்தாச்சு" என்று அவள் சொல்லும்வரை, வீடே இடிந்து விழுந்தாலும் இறங்கக்கூடாது. இடையில் எவன் கை கட்டிலை நோக்கி நீண்டாலும் முதலில் உறுமல், அடுத்தது பல்.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. வேறு யாராவது அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டு சொன்னால்? அதையும் விடவில்லை. கீழ்வீட்டுக்காரம்மா, நாய் கொண்டுவருபவர்கள், கூடப் பிறந்த தங்கை என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "கடை தெறந்தாச்சு" என்று சொல்லச் சொன்னாள். நாய்கள் அசையாமல் இருந்த ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தாள். கடைசியில் அவள் குரலுக்கு மட்டுமே அவை இறங்கின. வெளியே போயிருக்கும்போது போன் போட்டு, தங்கையை ஸ்பீக்கரில் பிடிக்கச் சொல்லி அதட்டுவாள், அதற்கும் அடங்கின. "என் குரலுக்குத்தான் பூட்டும் தெறக்கும்" என்று நாய்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடினாள்.

தங்கை அப்போது அக்கா வீட்டிலேயே, அடுத்த அறையில் குடியிருந்தாள். அவள் புருஷன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான், இன்னும் திரும்பவில்லை. ஜன்னல் திரை தைக்கும் கடையில் துணி வெட்டுகிற வேலை அவளுக்கு. கத்திரி பிடித்தால் கோடு போடாமலே நேராக வெட்டுவாள். ஒரு காலையில் அக்கா வெகுநேரம் எழவில்லையே, காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனாள். பொடி பாய்ந்து வலது கையைக் கவ்வியது. பல் கட்டைவிரல் நரம்பில் இறங்கிவிட்டது.

ரத்தம் சொட்ட நின்ற தங்கச்சியைப் பார்த்து அக்கா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "கட்டிலத் தொடாதன்னு எத்தன தடவ சொல்றது?" இப்படியும் ஒரு கேள்வி உண்டா!

தையல் பிரித்த பிறகும் கட்டைவிரல் கோணலாகவே நின்றது. கத்திரி பிடிக்க முடியவில்லை. கடையில் அவளைத் துணி மடிக்கப் போட்டார்கள். தங்கை வேறு வீடு பார்த்துப் போனாள். போன பிறகு ஒரே ஒரு தடவை குரல் செய்தி அனுப்பினாள்: "அக்கா, அதுங்கள கட்டில்லேருந்து எறக்கிடு. ஒருநாள் ஒனக்கே வினையா முடியும்." டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. அப்போதுதான் விழித்திருந்தாள். படுத்தபடியே போனை வாய்க்குக் கிட்டே வைத்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி அனுப்பினாள். கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு சுட்டது. அழிக்கலாம் என்று எடுத்தால், தங்கை கேட்டுவிட்டதாக அடையாளம் விழுந்திருந்தது. தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் வாய்க்கு அது ஒன்றுதான் வராது. பேச்சுவார்த்தை அதோடு நின்றது.

மாதங்கள் போயின. ஒருநாள் டீச்சர் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. புரண்டு படுக்கப் பார்த்தாள். வலது கையும் காலும் யாருடையதோபோல் கிடந்தன. "கடை தெறந்தாச்சு" என்றாள். அதாவது, சொன்னதாக நினைத்தாள். வெளியே வந்தது வெறும் "அ… அ…" தான்.

மேனேஜர் காதை உயர்த்தியது. பொடி அவள் இடது கையின்மேல் கனமாகப் படுத்தபடி வாயையே பார்த்தது. நல்ல நாய்கள். அவள் மறுபடி முயன்றாள். நாக்கு புரளவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்தது. பொடி அதை நக்கிவிட்டு மீண்டும் வாயைப் பார்த்தது. யார் உதவிக்கு வந்தாலும் இந்த இரண்டையும் தாண்டித்தான் வரவேண்டும்.

முன்னறையில் போன் அடித்து ஓய்ந்தது. நாயோடு வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே பேசிக்கொண்டு நின்றார்கள். வெயில் தரையிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. ஒரு வழியாகக் கீழ்வீட்டுக்காரம்மா தங்கைக்குச் சொல்லி அனுப்பினாள், ஆம்புலன்ஸையும் கூப்பிட்டாள். மாற்றுச் சாவி தங்கையிடம்தான் இருந்தது.

பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. தங்கையும் கீழ்வீட்டுக்காரம்மாவும், அவர்களுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் அவர்களில் மூத்த ஆளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓரடி முன்னால் வைத்தார். கட்டிலின் இருபக்கமிருந்தும் உறுமல் எழுந்தது. வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

"வாய் கோணியிருக்கும்மா, பக்கவாதம். ஒடனே தூக்கணும். நேரம் போகப் போக எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நாயப் பிடிங்க மொதல்ல."

தங்கை அறை வாசலில் நின்று, "கடை தெறந்தாச்சு" என்றாள். மேனேஜர் பல்லைக் காட்டியது. இன்னும் சத்தமாக, அக்காவைப் போலவே இழுத்துச் சொல்லிப் பார்த்தாள். பொடி எழுந்து அக்காவின் மார்புக்குக் குறுக்கே நின்றது. இறங்காமல் இருந்ததற்கு அது பிஸ்கட்டை எதிர்பார்த்திருக்கும்.

"நாய் பிடிக்கிறவங்களுக்குச் சொல்லட்டுமா?" என்றாள் கீழ்வீட்டுக்காரம்மா.

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்" என்றார் அந்த மூத்த ஆள்.

தங்கை அக்காவின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்தாள். டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டப் பார்த்தாள்; தலை ஆடவில்லை. தங்கை எதையும் தேடவில்லை. அடிக்கடி போய்ப் பழகிய இடத்துக்குப் போவதுபோல் அந்தக் கோணல் விரல் நேராகப் போய் அமுக்கியது. சத்தத்தை முழுதாக வைத்து, கையை நீட்டிப் பிடித்தாள்.

"இங்க பாருடி" என்றது டீச்சரின் குரல், தூக்கக் கலக்கத்தோடு, தெளிவாக. "என் நாய் என் கட்டில்ல படுக்கிறது ஒனக்கு ஏன் உறுத்துதுன்னு தெரியும். ஒன் புருஷன் ஏன் ஓடினான்னும் இப்பதான் புரியுது. ஒன் பக்கத்துல மனுஷன் என்ன, ஒரு நாய்கூடப் படுக்காது. இனிமே எனக்குத் தங்கச்சின்னு எவளும் கெடையாது."

கீழ்வீட்டுக்காரம்மா தரையைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். தங்கை முகத்தில் ஒன்றும் இல்லை. போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. அன்று பதிவுப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருக்கிறாள்; அதே குரல் தேனாகக் குழைந்தது.

"என் தங்கங்களா… கடை தெறந்தாச்சு."

இரண்டும் கட்டிலிலிருந்து குதித்து, உடம்பை உதறி, வாலை ஆட்டிக்கொண்டு அந்தப் போனிடம் ஓடின.

உயிர் பிழைத்தது. பேச்சு திரும்பவில்லை. யார் என்ன சொன்னாலும் புரிகிறது, பதில் மட்டும் "அ… அ…" என்றே வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை நேராகத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். கூடப் பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே மெச்சியது. பொய்யில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் கண்ணும் கருத்துமாகச் செய்தாள்.

நாய்களும் அங்கேதான் இருந்தன, ஆஸ்பத்திரி நாட்களிலிருந்தே. முதல் ராத்திரி டீச்சர் அவற்றுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தாள். முன்னறையில் அவளுக்குப் போட்டிருந்தது இருபக்கமும் கம்பி வைத்த ஒற்றைக் கட்டில். மேனேஜர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போயிற்று. பின்னாலேயே பொடி. உள்ளே தங்கையின் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது, மறுமுறை கிறீச்சிட்டது. டீச்சர் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் உள்ளறையிலிருந்து அவள் குரலே கேட்டது. "இங்க பாருடி…" முழுவதும் ஓடிய பிறகுதான் நாய்கள் வெளியே வந்தன. மறுநாளும். அதற்கு மறுநாளும்.

கைகால் பயிற்சி கொடுக்க வருகிற தம்பி ஒருநாள் அதைக் கேட்டுவிட்டுச் சங்கடத்தோடு நின்றான். "அக்கா, அந்தக் கடைசி வரிய மட்டும் வெட்டித் தரட்டுமா? ரெண்டு நிமிஷ வேலதான்."

தங்கை அக்காவின் தாடையைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள். "வேணாம் தம்பி" என்றாள் சிரித்துக்கொண்டே. "அக்கா கொரல் இவ்ளோதான் மிச்சம். முழுசா இருக்கட்டும்."

அந்தத் தம்பி கெட்டிக்காரன். இடது கையால் சக்கர நாற்காலியைத் தள்ளக் கற்றுக்கொடுத்துவிட்டான். ஒரு காலை, தங்கை எழுமுன், அவன் சீக்கிரமே வந்து டீச்சரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கைகழுவப் போனான். அவள் தானாகவே தள்ளிக்கொண்டு உள்ளறை வாசலுக்குப் போனாள். கட்டிலின் நடுவில் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பொடி, மறுபக்கம் மேனேஜர். அதன் காதுக்குப் பின்னால் சொறிந்தால் கண் சொக்கிப்போகும் இடம் ஒன்று உண்டு. உலகத்தில் அவளுக்கு மட்டுமே தெரிந்த இடம். விளிம்புவரை தள்ளிப் போய் இடது கையை நீட்டினாள்.

மேனேஜரின் தொண்டையில் அந்தச் சத்தம் கிளம்பியது.

தடுமாறி வந்த சத்தமில்லை. அவளே துண்டு துண்டாகப் பிஸ்கட் போட்டு வளர்த்த சத்தம். அது எழும்போது பல்லுக்கு எத்தனை நொடி இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். கை அந்தரத்தில் நின்றது. கண் நிறைந்து வழிந்தது. "அ…" என்றாள். பொடியும் தலையைத் தூக்கியது.

தங்கை கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கட்டிலத் தொடாதக்கா" என்றாள், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல.

டீச்சர் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். தங்கை தலையணைக்கு அடியில் துழாவிப் போனை எடுத்தாள். இரண்டு நாய்களும் உறுமலை நிறுத்திவிட்டு ஆவலோடு அதையே பார்த்தன. கோணல் விரல் அமுக்கியது.

"இங்க பாருடி" என்று ஆரம்பித்தது அவள் குரல்.