பழசு தானாக வரட்டும்

பக்கவாதம் வந்து பேச்சு நின்ற பிறகு லஸ்ஸாதுக்கு மிஞ்சியது வலது கட்டைவிரல் ஒன்றுதான். அதற்கடியில் ஒரு பொத்தான். கணினித் திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அழுத்துவார். வாக்கியம் சேர்ந்ததும் ஒரு தட்டையான ஆண்குரல் அதை வாசிக்கும். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் மாலுமிகளை அதட்டியே பழகியவர், அந்தக் குரலிலும் மனைவி நெஜீபாவை அதட்டினார்.

"இதுக்குப் பேரு கூஸ்கூஸா? ஆஸ்பத்திரிக் கஞ்சி."

கணினி அடிக்கடி மக்கர் பண்ணவே, தலைநகர் தூனிஸிலிருந்து அவர் தம்பி ரிதா புதிது வாங்கி வந்து வைத்தான். பழையதைக் கணினி பழுதுபார்க்கும் கடையில் தள்ளிவிட்டுப் போனான். புதியதில் எல்லாம் ஓடியது, அந்தப் பேச்சு புரோகிராமைத் தவிர. அதை உருவாக்கிய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பழைய சிஸ்டத்தில் மட்டுமே அது ஓடும்.

முதலில் நெஜீபா பதறினாள். பிறகு, அவளுக்கே வெட்கமாக இருந்தது, வீட்டின் அமைதி பிடித்துப்போனது.

ரிதா போன் செய்தான்; அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணி, வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க. சாமானுக்கு லாரி அனுப்புறேன்."

"உங்கண்ணன் என்ன சொல்வாரோ?"

"அவரு எங்க சொல்றது?"

ரிதா சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடு திரும்பியபோது லஸ்ஸாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதனோடும் இணைக்காத பொத்தானை அவர் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையிலேயே அந்தக் கடைக்கார வஜ்தியைக் கூட்டி வந்தாள்.

"நல்லவேளைக்கா, கடையில பழைய டிஸ்க்கை இன்னும் அழிக்கல. அப்படியே நகல் எடுத்துட்டேன்" என்றான் அவன். "புதுசுக்குள்ளயே பழைய சிஸ்டமும் ஓடும். பழசுல மட்டும் நெட் வேணாம், வைரஸ் பூந்துரும்." பொத்தானின் வயரைச் சொருகிவிட்டுக் கேட்டான்: "ஆன் பண்ணதும் பழசு தானா வரட்டுமா, இல்ல நீங்க திறந்தா மட்டும் வரட்டுமா?"

"அவரால திறக்க முடியுமா?"

"அதுக்கு மவுஸ் வேணும்க்கா. நீங்கதான் திறந்துவிடணும்."

அவள் பொத்தானின் மேலிருந்த அவர் விரலைப் பார்த்தாள்.

"தானா வரட்டும்."

எழுத்துகள் ஒளிரத் தொடங்கின. லஸ்ஸாதின் விரல் அழுத்தியது.

"லாரியை நிறுத்து" என்றது குரல். பிறகு, "நீ சிரிச்ச."

வஜ்தி குனிந்துகொண்டு வயர்களைச் சுருட்டினான்.

"ஆமா, சிரிச்சேன்" என்றாள் நெஜீபா. "இந்தக் குரல் இல்லாம நிம்மதியாவும் இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன்."

எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. லஸ்ஸாத் மெல்ல அழுத்த ஆரம்பித்தார்.

"எனக்கும் இந்தக் குரல் பிடிக்கல. வேற இல்லையே."

லாரி வரவில்லை. ரிதா சில வாரம் முறைத்துக்கொண்டு போன் செய்யாமல் இருந்தான். இனி அது தொலையக்கூடாதென்று டிஸ்க்கின் இன்னொரு நகலை நெஜீபா தன் தங்கை வீட்டில் கொடுத்து வைத்தாள். இருந்தும் சில மதியங்களில் கணினியை அணைத்துவிடக் கை போகும். ஒருமுறை அணைத்தும்விட்டாள், காய் நறுக்கி முடிக்கும்வரை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமலே மறுபடி போட்டாள்.