ஊசி படாத கேரட்

மைக்ரோபயாலஜி டீச்சருக்குத் தொண்டைத் தண்ணி வற்றிப் போயிருந்தது. நோயாளி உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது என்பதற்காக அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. அதைத் தனியாகப் பிரித்து வளர்க்கணும், நல்ல உடம்பில் விட்டால் அதே நோய் வருதா என்று பார்க்கணும், அங்கிருந்து அதே கிருமியைத் திரும்ப எடுத்துக் காட்டணும். இதை நாலு வாரமாகக் காட்டுக் கத்தலாகக் கத்தியாயிற்று. லேப் டெக்னீஷியன் ஆகப்போகிற பன்னிரண்டு பேரும் கேட்ட ஒரே கேள்வி, "மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

போதாக்குறைக்கு முதல்வர் வேறு. வீடியோவில் காட்டினால் ஆகாதா, இதற்கென்று ஒரு லேப் எதற்கு, அறையைக் கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கொடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். டீச்சர் கெஞ்சிக் கூத்தாடியதில் கொஞ்சம் இறங்கி வந்தார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்து பார்ப்பாராம். மாணவர்கள் குழுவாகச் செய்த சோதனை சரியாக வந்திருந்தால் லேப் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போடுவாராம்.

சோதனை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அழுகிய கேரட்டிலிருந்து எடுத்து வளர்த்த கிருமியை ஊசியில் தொட்டு, நல்ல துண்டு ஒன்றில் குத்தணும். பக்கத்துத் துண்டில், நெருப்பில் காட்டிய வெறும் ஊசியால் குத்தணும். ஐந்து நாள் கழித்து முதல் துண்டு மட்டும் அழுகியிருந்தால், காரணம் ஊசிக் காயம் இல்லை, கிருமிதான்.

வியாழக்கிழமை முதல்வர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு குழுவும் துண்டுகளை வைத்திருந்த பெட்டிகளைத் திறந்து பார்த்தார். மூன்று குழுவுக்குப் பாடப் புத்தகத்தில் போட்ட மாதிரி வந்திருந்தது. நாலாவது குழுவுக்கு இரண்டு துண்டுமே கொழகொழ.

"நாலுக்கு மூணு. பரவாயில்லையே மேடம்" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். ஐந்து நாள் துண்டு ஓரம் காய்ந்திருக்கணும். அழுகாத துண்டு மூன்றும் ஈரம் மாறாமல் பளபளத்தன. ஒன்றிலும் ஊசி குத்திய தடமே இல்லை. காலையில் நறுக்கிப் போட்டிருக்கிறதுகள், பாவிகள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் லேப் பிழைக்கும். கிருமியை நிரூபிக்கிற லட்சணம் இதுதான் என்று இதுகளும் கற்றுக்கொண்டு போகும்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. இதுல ஒண்ணும் நிரூபணம் ஆகலை. மாத்தி வச்சிருக்காங்க."

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க" என்றார் முதல்வர். பேனாவை மூடினார். "மாசக் கடைசியில சாவியைக் கொடுத்துடுங்க."

அவர் போனதும் வகுப்புத் தலைவன் எழுந்தான். "எல்லாருக்கும் ரெண்டு துண்டும் அழுகிப்போச்சு மேடம். உங்க லேப் போயிடக்கூடாதேன்னுதான் மாத்தினோம்."

டீச்சருக்கு அழுகை வந்தது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது. நாலாவது குழுவிடம் திரும்பினாள். "நீங்களாவது யோக்கியமா இருந்தீங்களே."

"இல்ல மேடம். எங்க பஸ் லேட்டு."

தலையில் அடித்துக்கொண்டாள். "ஆறு மாசத்துல ஆஸ்பத்திரியில ரிப்போர்ட் எழுதப் போறீங்க. டாக்டர் மனசு நோகக்கூடாதுன்னு அதையும் மாத்துவீங்களா? அந்த நோயாளி உங்களை என்ன பண்ணினான்?"

பஸ் லேட்டான பெண் தன் பெட்டியைப் பார்த்தபடியே கேட்டாள். "ஊசியை நெருப்புல காட்டினோம் மேடம். அப்புறமும் ஏன் அழுகுச்சு? எல்லாரும் ஒரே கத்தியாலதான் நறுக்கினோம். அதுலயா இருந்துச்சு?"

லேப் கைவிட்டுப் போன பிறகு வருகிறது பார் கேள்வி. ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது டீச்சருக்கு.

"எனக்குத் தெரியாது" என்றாள். "மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. நீயே நிரூபிச்சுக் காட்டு."